முகப்பருவும் மென்மையான பராமரிப்பும்

பருவ வயதில் தோலிலுள்ள சுரப்பிகள் எண்ணெய்ப் பசையை மிகுதியாகச் சுரக்கின்றன. அப்பசையும் உதிரும் தோலணுக்களும் மயிர்க்கால்களை அடைப்பதால் முகத்தில் சிறு பருக்கள் தோன்றுகின்றன. அழுக்கு இதற்குக் காரணமன்று. ஆதலின், சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கடுங்கோடையில் வியர்வையைப் போக்க முகத்தை அழுந்தத் தேய்ப்பது தீங்கையே விளைவிக்கும். காலையும் மாலையும் காரமற்ற சோப்பிட்டு, விரல்களால் மெல்லக் கழுவி, துணியால் ஒற்றுதல் போதும். பருக்களைக் கிள்ளலாகாது, கிள்ளினால் வடு நிலைத்துவிடும்.

ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் முதலில் சிவப்பைத் தணிப்பினும், நாளடைவில் தோலை மெலிவித்துப் பருக்களைப் பெருக்கும். அவற்றுட் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் விதித்தது. ஆசிரியரும் களப்பணியாளரும் இதனை மாணவர்க்கு எடுத்துரைத்து, வலியோ வடுவோ காணின் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை போன்றவற்றிற்கு அனுப்புதல் நலம்.