ஃபேரர் பார்க் திடலில் பிரிந்த இருவர்

சிறு வயதில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஃபேரர் பார்க் திடலில் பந்து உதைத்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் வியர்வை காயாமல் சிராங்கூன் சாலைக்கு நடந்து வந்து அப்பாவுடன் தேநீர் குடிப்பேன். அதே புல்வெளியில் 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஏறத்தாழ 45,000 இந்தியப் படைவீரர்கள் கூட்டி வைக்கப்பட்டார்கள் என்பது நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்று முதல் அந்தத் திடலை வைத்து ஒரு கதை எழுதப் பார்க்கிறேன். இரண்டு வருடமாகிறது, இன்னும் முடிந்தபாடில்லை.

முதல் வரைவு வேகமாகத்தான் வந்தது. இரண்டு தமிழ் வீரர்கள், இணைபிரியாத நண்பர்கள். இருவரும் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறார்கள், பர்மா எல்லைக்குப் போகிறார்கள், இம்பால் அருகே ஒருவன் மற்றவன் மடியில் உயிர் விடுகிறான். படித்துப் பார்த்த மகள், “படம் பார்த்த மாதிரி இருக்குப்பா” என்றாள். பாராட்டு என்று நினைத்தேன். பாராட்டு இல்லை. “ரெண்டு பேர்ல ஒருத்தர் சேர மாட்டேன்னு சொல்லியிருந்தா?” என்று அடுத்ததாகக் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னைத் திரும்பவும் திடலுக்கு இழுத்துச் சென்றது.

பிப்ரவரி 15ஆம் தேதி, சீனப் புத்தாண்டு நாளில், சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கிக்கு அனுப்பப்பட்டார்கள். இந்திய வீரர்களை மட்டும் பிரித்து ஃபேரர் பார்க்கில் கூட்டினார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் சில வார்த்தைகள் பேசி, அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். ஃபுஜிவாராவுக்குப் பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்தியாவின் விடுதலைக்கு ஒரு படை அமைப்போம், வாருங்கள் என்றார்.

அன்றைய இந்தியப் படையில் ஒரே ஊரிலிருந்து, ஒரே குடும்பத்திலிருந்து அண்ணன் தம்பிகளும் பங்காளிகளும் ஒரே பிரிவில் சேர்வது வழக்கம். ஆகவே திடலில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வெறும் சக வீரர் அல்ல. உங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் குடித்து வளர்ந்தவராக இருக்கலாம். அவர் கை தூக்குகிறார், நீங்கள் தூக்கவில்லை. அப்புறம்?

நம் வீடுகளில் செஞ்சோற்றுக்கடன் என்றால் கர்ணன் ஞாபகம் வரும். நண்பன் போட்ட சோற்றுக்காகக் கூடப்பிறந்தவர்களையே எதிர்த்து நின்றவன். கர்ணனுக்காவது யார் சோறு என்பதில் குழப்பமில்லை. இந்த வீரர்களுக்கு? சம்பளம் தந்த அரசு அவர்களை ஒரு மைதானத்தில் கைவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் எடுத்த சத்தியப் பிரமாணம் இருக்கிறது. எதிரே நிற்கும் ஜப்பானியரை எவ்வளவு நம்பலாம் என்றும் தெரியாது. இதில் யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி ஒருமுறையோடும் நிற்கவில்லை. ஜப்பானியருடன் முரண்பட்ட மோகன் சிங்கே அந்த ஆண்டு டிசம்பரில் கைது செய்யப்பட்டார், முதல் படை கலைந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் படை புத்துயிர் பெற்றது. முதலில் சேர்ந்தவர்களில் சிலர் இரண்டாம் முறை சேரவில்லை.

சேராதவர்களில் பலரை ஜப்பானியர் கூலி வேலைக்காகத் தூரத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். சிந்த் சிங் என்பவரின் கதையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1943இல் நியூ கினியின் வேவாக் கரையில் இறக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 இந்தியக் கைதிகளில் அவரும் ஒருவர். பசி, நோய், அடி. 1945இல் ஆஸ்திரேலியப் படையினர் மீட்டபோது அவருடன் எஞ்சியிருந்தவர்கள் அவரையும் சேர்த்து 11 பேர்தான். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காக அவர் மட்டும் பின்தங்கினார். நண்பர்கள் 10 பேரும் ஊர் திரும்பும் வழியில் விமானம் ஏறினார்கள். விமானம் விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை. இப்படி ஒரு முடிவை நான் கதையில் எழுதியிருந்தால் மகள் நம்பியிருக்க மாட்டாள்.

இன்னொரு தவறும் புரிந்தது. 1942இல் அந்தத் திடலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வட இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தமிழர்கள் பெருமளவில் இந்தக் கதைக்குள் வருவது 1943இல்தான். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், கடைச் சிப்பந்திகள், அதுவரை துப்பாக்கியைத் தொட்டறியாதவர்கள். அவர்களுக்குப் பயிற்சி தந்தவர்களில் பலர் பஞ்சாபிலிருந்து வந்த பழைய வீரர்கள். கட்டளைகள் ஹிந்துஸ்தானியில், அதுவும் ரோமன் எழுத்தில். முதல் வாரம் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது.

போர்க்காலத்தை இந்தோனீசியாவில் வாழ்ந்து பார்த்த ப. சிங்காரம், ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரண்டு நாவல்களில் இந்தப் படையில் இருந்த தமிழர்களை எழுதியிருக்கிறார். அவரிடம் நான் கற்றது ஒன்று. நண்பர்கள் சந்தித்தால் வீரவசனம் பேசுவதில்லை. மதுரைத் தெருக்களைப் பேசுகிறார்கள், தமிழ் இலக்கியத்தை வம்புக்கு இழுக்கிறார்கள், குடிக்கிறார்கள். என் முதல் வரைவில் ஒருவனும் சாப்பிடக்கூட இல்லை!

போன மாதம் மகளும் நானும் ஃபேரர் பார்க்கில் ரயிலேறி தோபி காட்டில் இறங்கினோம். மேலே, 1943 அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்த கேத்தே கட்டடத்தின் இடம். கீழே சிவப்பு ரயில்பாதை. ஒரு திசையில் அடுத்த நிலையமே சிட்டி ஹால். அங்கிருந்து நடந்தால் எஸ்பிளனேட் பூங்காவில் இந்திய தேசிய இராணுவ நினைவிடம் இருந்த இடம் வரும். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டினார், செப்டம்பரில் பிரிட்டிஷார் அதைத் தகர்த்தார்கள். இப்போது இருப்பது 1995இல் வைத்த நினைவுக்குறி. எதிர்த்திசையில் போனால் கிராஞ்சி. கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே சுவர்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. திடலில் பிரிந்த இரண்டு நண்பர்களைத் தேடினால் இன்றும் எதிரெதிர்த் திசையில்தான் ரயிலேற வேண்டும். ஒரே நாளில் இரண்டுக்கும் போய் வந்தோம். கிராஞ்சியில் வரிசை வரிசையாகச் ‘சிங்’ என்ற பெயரைப் பார்த்து மகள் எண்ணத் தொடங்கினாள். ஒரு சுவரைக்கூட முடிக்கவில்லை.

இப்போதைய வரைவில் கதை சொல்வது தோட்டத்திலிருந்து வந்த தமிழ்ப் பையன். அவனுக்குப் பயிற்சி தரும் பஞ்சாபி ஹவில்தாரின் ஊர்க்கார நண்பன் சேர மறுத்து, கப்பலில் எங்கேயோ போய்விட்டான். இரவுச் சாப்பாட்டின்போது ஹவில்தார் பழக்கதோஷத்தில் ரொட்டியை இரண்டாகப் பிய்க்கிறார். அந்த மறுபாதியை என்ன செய்வார் என்பதில்தான் கதை நிற்கிறது. பையனிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்கிறாள் மகள். நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.