ஒரு டம்ளரில் எத்தனை கிராம்?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வருகிற நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளுக்குக் குறைவில்லை. பித்தளை டம்ளரும் டபராவும் பளபளக்க, காரும் வேனும் நின்று நின்று போகின்றன. விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது திருவாமாத்தூர். இப்படிப்பட்ட கிராமங்களின் டீக்கடைகளில் காபி கேட்டால் டிகாஷன் வராது. இன்ஸ்டன்ட் பாக்கெட் ஒன்றைக் கிழித்துச் சூடான பாலில் கொட்டி, நுரை பொங்க ஆற்றித் தருவார்கள்.

இந்த இரண்டு டம்ளரும் உலகக் கணக்கில் எப்படி ஏறுகின்றன?

காபி குடிப்பதில் ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தால் முதலிடம் பின்லாந்துக்கு. வருடத்துக்குத் தலைக்குச் சுமார் 12 கிலோ. நார்வே, ஐஸ்லாந்து, டென்மார்க் என்று குளிர்நாடுகள் பின்தொடர்கின்றன. மொத்த அளவைப் பார்த்தால் வரிசையே மாறிவிடும்: அமெரிக்காவும் பிரேசிலும் முன்னால் வந்து நிற்கும், பின்லாந்து கண்ணிலேயே படாது. இந்தியாவின் உள்நாட்டுப் பயன்பாடு சுமார் 90,000 டன் என்கிறது காபி வாரியம். 140 கோடிப் பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 65 கிராம். அதாவது ஆளுக்கு மாதம் ஒரு டம்ளர்! விழுப்புரம் ரயில் சந்திப்பில் விடியற்காலை நின்று பார்த்த எவரும் இதை நம்பமாட்டார்கள்.

எண் பொய் சொல்லவில்லை. அது எதை அளக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லண்டனில் 1963-ல் தொடங்கிய சர்வதேச காபி அமைப்பு யார் வீட்டு அடுப்பங்கரையையும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாட்டுக்குள் வந்த காபி எவ்வளவு, திரும்ப வெளியே போனது எவ்வளவு, கிடங்கில் கூடியது அல்லது குறைந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கிறது. மிச்சம் நாட்டுக்குள் 'மறைந்து போனது'. அதுவே குடித்ததாகக் கொள்ளப்படுகிறது. லக்ஸம்பர்க் என்ற சின்ன நாட்டின் கணக்கு நம்பமுடியாத உயரத்தில் நிற்பது இதனால்தான். வரி குறைவு என்று பக்கத்து நாட்டுக்காரர்கள் எல்லை தாண்டி வந்து வாங்கிப் போகிறார்கள். மறைந்தது லக்ஸம்பர்க்கில், குடித்தது வேறெங்கோ.

விளைகிற நாடுகளில் சிக்கல் இன்னும் பெரிது. எத்தியோப்பியாவில் விளைச்சலில் ஏறக்குறையப் பாதி உள்ளூரிலேயே குடிக்கப்படுகிறது. தன் கொல்லையில் பறித்து, தானே வறுத்துக் குடிப்பவரின் காபிக்கு எந்தத் துறைமுகத்தில் ரசீது இருக்கும்? மதிப்பீடு செய்வதைத் தவிர வழியில்லை. நம் நாடும் விளைகிற நாடுதான். போதாததற்கு, வெளியிலிருந்து கொட்டை வாங்கி, இன்ஸ்டன்ட் பொடியாக்கி மறுபடி ஏற்றுமதி செய்கிற தொழிலும் இங்கே நடக்கிறது. அதையும் பிரித்துக் கழிக்க வேண்டும்.

எல்லாக் காபியையும் ஒரே தராசில் வைப்பதற்காகப் பச்சைக் கொட்டையின் எடைக்கு மாற்றுகிறார்கள். வறுத்த காபி ஒரு கிலோ என்றால் 1.19 கிலோ பச்சைக் கொட்டை. இன்ஸ்டன்ட் ஒரு கிலோ என்றால் 2.6 கிலோ. அடுத்து வருவது நம் ஊருக்கு நன்றாகப் பழக்கமான சங்கதி, சிக்கரி.

பொடிக் கடையில் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு உலகப் பட்டியலில் இடமில்லை. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் கபீன் கிடையாது, காபிக் கணக்கிலும் அது சேராது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி கலவைப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சிக்கரி 49 வரை போகலாம். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஒரு கிலோ பொடி செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 80-க்கு 20 கலவை என்றால் பச்சைக் கொட்டைக் கணக்கில் ஆளுக்கு வருடம் 2.9 கிலோ. 51-க்கு 49 என்றால் 1.8 கிலோ. டம்ளர் எண்ணிக்கை அதேதான், குடிக்கிற வேளையும் அதேதான். ஆனால் புள்ளிவிவரத்தில் ஒரு கிலோ காணாமல் போகிறது. கொட்டை விலை ஏறி, ஒரு வீடு 80-லிருந்து 60-க்கு இறங்கினால், அந்த வீடு 'காபியைக் குறைத்துக்கொண்டது' என்றே தாளில் பதிவாகும். உண்மையில் குறைந்தது அவர்களுக்குக் கிடைத்த தரம். நாட்டுச் சராசரியைப் பார்த்து நமக்குக் காபிப் பழக்கம் குறைவு என்று பேசுபவர்கள், அதே எண்ணைப் போல முப்பது நாற்பது மடங்கு செலவழிக்கிற இந்த வீட்டையும் பார்க்க வேண்டும் என்பது என் வாதம். இந்தியாவில் காபி பெரும்பாலும் தெற்கின் பானம். வடக்கின் கோடிக்கணக்கான டீப் பிரியர்களையும், பால்குடிக் குழந்தைகளையும் சேர்த்து வகுத்த எண்ணில் விழுப்புரம் தெரியாது.

தெரிய வேண்டுமானால் வீடு வீடாகப் போக வேண்டும். தேசிய மாதிரி ஆய்வு அதைத்தான் செய்கிறது. 2022 ஆகஸ்ட் முதல் 2023 ஜூலை வரை நாடு முழுவதும் 2,61,746 வீடுகளில் செலவு விவரம் கேட்டார்கள். இந்த நுகர்வுச் செலவு ஆய்வுகளில் காபிப் பொடியைக் கிராமில் கேட்பார்கள். கடையில் குடித்த காபியைக் கப் எண்ணிக்கையில் கேட்பார்கள். எனக்கு இந்த முறையே பிடித்திருக்கிறது, மனிதர்களிடம் நேராகக் கேட்கிறதே! இதிலும் நுட்பங்கள் உண்டு. வீட்டில் தயாரித்த உணவு யார் வாய்க்குப் போனாலும் தயாரித்த வீட்டின் கணக்கில் எழுதுவது இந்த ஆய்வுகளின் வழக்கம். கரும்பு வெட்ட வந்தவர்களுக்கு நிலத்துக்காரர் வீட்டிலிருந்து தூக்குவாளியில் போன காபி, குடித்தவர்கள் பெயரில் ஏறாது. வெளியே குடித்த கப்பிலோ, நெடுஞ்சாலைப் பித்தளை டம்ளரும் பாக்கெட் காபியும் தலா ஒரு கப் என்றே நிற்கும். எத்தனை கிராம் கொட்டை, எவ்வளவு பால் என்பது அந்த எண்ணில் இல்லை.

துறைமுகக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது செய்யக்கூடிய காரியமே. பொடி அரைக்கும் கடைகள் எந்தக் கலவையை எவ்வளவு விற்றன என்று எழுதிவைத்தால், சிக்கரியின் பங்கும் தெரிந்துவிடும். அந்த விவரம் கடைக்காரரின் தராசுக்கு முன்னால் தினமும் சொல்லப்படுகிறது. எழுதிக்கொள்ள ஆள்தான் வேண்டும்.