இருதயக் குழாயில் துளை விழுந்தால்



1977-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருன்சிக், விழித்திருந்த ஒரு நோயாளியின் இருதய இரத்தக் குழாயில் இருந்த அடைப்பைச் சிறு பலூனால் முதன்முதலாகத் திறந்தார். அதுமுதல் இலட்சக்கணக்கானோர் மார்பைத் திறக்காமலே சுகம் பெற்றுள்ளனர். எனினும் இச்சிகிச்சையின்போது அபூர்வமாகக் குழாயின் சுவரிலேயே துளை விழுவதுண்டு. அப்போது மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

இது பொதுவாக 200 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேரிடுகிறது. முதியவர்களுக்கும், குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகியவர்களுக்கும், நெடுநாளாக முழுவதும் அடைபட்ட குழாய் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். பலூனோ ஸ்டென்ட்டோ குழாயின் அளவுக்கு மிஞ்சி விரிந்தால் சுவர் கிழியலாம். வழிகாட்டும் மெல்லிய கம்பியின் நுனியும் சிறு கிளையைக் குத்திவிடலாம்.

1994-இல் டாக்டர் எல்லிஸும் அவருடைய குழுவினரும் இத்துளைகளை மூன்று வகையாகப் பிரித்தனர். முதல் வகையில் இரத்தம் வெளியேறுவதில்லை. பெரும்பாலும் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும். மூன்றாம் வகையில் இரத்தம் பீறிட்டு, இருதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் பாய்கிறது. அந்த உறை சட்டென்று விரிந்து கொடுக்காது. ஒரு டம்ளர் இரத்தம் வேகமாகச் சேர்ந்தாலே அது இருதயத்தை நெருக்கிவிடும். இரத்த அழுத்தம் விழும். சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதல் உதவி, அடைப்பைத் திறந்த அதே பலூன்தான். அதைத் துளை உள்ள இடத்தில் உடனே ஊதி, கசிவை அடைக்கிறார்கள். ஆனால் அப்பால் உள்ள தசைக்கும் இரத்தம் நின்றுபோவதால், பலூனை நெடுநேரம் அப்படியே வைத்திருக்க முடியாது. அந்த இடைவேளையில் எக்கோ பரிசோதனை செய்து, உறையில் இரத்தம் சேர்ந்து நெருக்கினால் ஊசியும் குழலும் செலுத்தி அதை வெளியேற்றுகிறார்கள். இரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த ஹெபரினுக்கு மாற்றுமருந்தாகப் புரோட்டமின் உண்டு. குழாய்க்குள் கருவிகள் இருக்கும்போதே அதைக் கொடுத்தால் இரத்தம் கட்டிக்கொள்ளலாம் என்பதால், தருணம் பார்த்தே கொடுப்பார்கள்.

அப்படியும் கசிவு நிற்காவிட்டால், மெல்லிய படலம் போர்த்திய ஸ்டென்ட்டை உள்ளே வைத்துத் துளையை மூடுவார்கள். சிறு கிளையின் நுனியில் துளை இருந்தால், நுண்ணிய உலோகச் சுருளையோ, நோயாளியின் தோலுக்கடியிலிருந்து எடுத்த சிறிதளவு கொழுப்பையோ செலுத்தி அக்கிளையை அடைப்பார்கள். எதுவும் பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சையே வழி.

சில வேளைகளில் கம்பி குத்திய சிறு துளை பல மணி நேரம் கழித்தே வெளிப்படும். ஆகவே சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தபின் மயக்கமோ, மூச்சுத்திணறலோ, மார்பு வலியோ ஏற்பட்டால் தாமதிக்காமல் நர்சிடம் சொல்ல வேண்டும்.

படலம் போர்த்திய ஸ்டென்ட் மாதக்கணக்கில் அலமாரியில் பிரிக்கப்படாமலே இருக்கலாம். காலாவதியாகி மாற்றவும் நேரிடலாம். அதை வீண்செலவு என்று நாங்கள் எண்ணுவதில்லை. தேவைப்படும் நிமிடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து வரவழைக்க நேரமிராது.