பயணத்துக்கு எந்த கேமரா, எவ்வளவு சுமை?

பயணத்துக்கான கேமராப் பையை எடையிலிருந்து தொடங்கித் திட்டமிடுங்கள். கேமராவின் மாடல், லென்ஸ், விலை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். வெயிலில் நடந்து, படி ஏறி, பேருந்தில் நின்று, கூட்டத்தில் நெருக்குண்டு போகிற நாளில் மாலை ஐந்து மணிக்கும் கேமராவை எடுக்கக் கை தானாகப் போக வேண்டும். தோள் வலித்தால் போகாது. முதல் நாள் எல்லாவற்றையும் சுமந்தவர் மூன்றாம் நாள் பையை விடுதி அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்புவது அடிக்கடி நடக்கிறது. அன்றைக்குத்தான் நல்ல மாலை வெளிச்சம் வரும்; அறையில் பூட்டிக் கிடக்கும் லென்ஸால் அதைப் பிடிக்க முடியாது.

நாள் முழுக்க நடக்கும் பயணத்தில் கேமராவும் லென்ஸ்களும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சுமை தெரியாது. தண்ணீர் பாட்டில், குடை, பேட்டரி, பையின் சொந்த எடை எல்லாம் சேர்த்து மூன்று கிலோவுக்குள் வைத்துக்கொள்ளலாம். கார் கூடவே வரும் பயணத்துக்கும் பறவைக்காக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் பயணத்துக்கும் இந்த வரம்பைத் தளர்த்துங்கள். குழந்தையைத் தூக்க வேண்டியவர்கள் இன்னும் இறுக்கிக்கொள்ளுங்கள். இந்த எண்ணை முதலில் முடிவுசெய்துவிட்டால், எதை எடுப்பது, எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

எடை எங்கே இருக்கிறது?

கேமரா உடல்களுக்குள் எடை வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு கிராம்தான். சுமை கூடுவது லென்ஸில். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5 மி.மீ.க்கு 15.6 மி.மீ. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 மி.மீ.க்கு 13 மி.மீ. சென்சாரின் மூலைமுடுக்கெல்லாம் தெளிவான பிம்பம் விழ வேண்டும் என்பதால், சென்சார் பெரிதானால் அதற்கேற்ற லென்ஸின் கண்ணாடிகளும் பெரிதாகின்றன, கனக்கின்றன.

ஒரே நிறுவனத்தின் இரண்டு தொகுப்புகளை எடை போட்டுப் பார்ப்போம். சோனி ஏ6400 என்ற ஏபிஎஸ்-சி கேமரா பேட்டரியோடு 403 கிராம். அதற்கான 18-135 மி.மீ. லென்ஸ் 325 கிராம். 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 154 கிராம். மூன்றும் சேர்ந்து 882 கிராம். இன்னொரு பக்கம், ஃபுல் ஃபிரேம் ஏ7 IV 658 கிராம்; எஃப் 2.8 வகையில் முதலில் வந்த 24-70 ஜிஎம் லென்ஸ் 886 கிராம், 70-200 ஜிஎம் லென்ஸ் 1,480 கிராம். கூட்டினால் மூன்று கிலோவைத் தாண்டுகிறது. கேமரா உடலில் வித்தியாசம் கால் கிலோ. மீதி எல்லாம் லென்ஸில் வந்தது.

எடை குறைந்தால் எதை இழக்கிறோம்? ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமில் பாதிக்கும் குறைவு. அதனால் இருட்டில் படங்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் சற்றுக் கூடும். பின்னணியை மங்கலாக்கும் திறனும் கொஞ்சம் குறையும். பகல் வெளிச்சத்தில் எடுத்து வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்கு அச்சிட்டால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். கல்யாணப் படமோ விளம்பரப் படமோ எடுத்துச் சம்பாதிப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் முக்கியம். ஊர் சுற்றிப் பார்ப்பவர்களுக்குச் சிறிய சென்சாரே தாராளம்.

லென்ஸைத் தேர்ந்தெடுக்கப் பழைய படங்களைப் பாருங்கள்

கேமராவில் எடுத்த ஒவ்வொரு படத்தின் கோப்பிலும் எந்தக் குவியத்தூரத்தில் எடுத்தது என்ற விவரம் பதிவாகியிருக்கும். முந்தைய பயணத்தில் உங்களுக்குப் பிடித்துப்போன படங்களை மட்டும் எடுத்து அந்த எண்களைப் பாருங்கள். முக்கால்வாசி 20க்கும் 50க்கும் இடையில் இருந்தால், நீங்கள் சுமந்துபோன பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் உங்களுக்குத் தேவைப்படவில்லை என்று பொருள். உங்கள் லென்ஸின் கடைசி எல்லையிலேயே, 18-135 என்றால் 135லேயே, குவிந்திருந்தால் இன்னும் நீளமான லென்ஸ் வேண்டும்.

பெரும்பாலான பயணங்களுக்கு இரண்டு லென்ஸ் போதும். ஒன்று, அகலக் காட்சியிலிருந்து நடுத்தரத் தொலைவு வரை எட்டும் ஜூம். இன்னொன்று, குறைந்த வெளிச்சத்துக்கான சிறிய பிரைம் லென்ஸ். இந்தச் சிறிய லென்ஸைத் தவிர்க்கக்கூடாது. சாதாரண ஜூம் லென்ஸை நீட்டினால் அதன் துளை எஃப் 5.6 அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மாலைக் கடைவீதி, மண்டபத்து நிழல், சாப்பாட்டுக் கடையின் மஞ்சள் விளக்கு எல்லாம் இந்த 150 கிராமில் அடங்கிவிடும்.

கைபேசியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் அகலக் காட்சி, இலைச் சாப்பாடு, தகவல் பலகை ஆகியவற்றைக் கைபேசியே நன்றாக எடுக்கும். அதனால் தனியாக ஒரு அகலக்கோண லென்ஸ் சுமக்க வேண்டியதில்லை. தொலைவில் இருப்பதையும் மங்கிய வெளிச்சத்தில் அசைவதையும் எடுக்கத்தான் கேமரா வேண்டும்.

மதுரை, ராமேஸ்வரம், தனுஷ்கோடி: ஓர் எடுத்துக்காட்டு

பலருக்கும் தெரிந்த ஒரு பயணத்தை வைத்துப் பார்ப்போம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவோ கைபேசியோ கொண்டுபோக முடியாது. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ராமேஸ்வரம் கோயிலுக்கும் அது பொருந்தும். ஆகவே தரிசன நேரத்தில் கேமராவை எங்கே வைப்பது என்று முன்பே யோசியுங்கள். சிறிய தொகுப்பாக இருந்தால் அறையில் பூட்டிவிட்டுப் போகலாம். கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு மாறி மாறியும் உள்ளே போகலாம்.

கோயிலுக்கு வெளியே எடுக்க நிறைய இருக்கிறது. மாசி வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு 35 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். திருமலை நாயக்கர் மகாலின் உயர்ந்த தூண்களுக்கு 18 மி.மீ. அகலம் தேவைப்படும். பாம்பனில் கடலுக்கு மேல் போகும் சாலைப் பாலத்திலிருந்து பார்த்தால், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் பக்கத்திலேயே தெரிகிறது; அதற்கும் 18-135 போதும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவர்களைக் கிட்டப்போயே எடுக்கலாம். குளிர்காலத்தில் அங்கே வரும் பூநாரைகளை எடுக்க ஆசை இருந்தால் மட்டும் 300 மி.மீ. வரை எட்டும் லென்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆசை இல்லையென்றால் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் பயணம் எதுவானாலும் இப்படி இடம் இடமாக எழுதிப் பாருங்கள். எந்த இடத்தின் பெயருக்கு எதிரேயும் வராத லென்ஸைப் பையில் வைக்காதீர்கள்.

துணைப் பொருட்கள்

மிரர்லெஸ் கேமராக்களில் ஒரு பேட்டரிக்கு ஏறக்குறைய 400 படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வீடியோ எடுத்தால் இன்னும் சீக்கிரம் தீரும். கூடுதலாக இரண்டு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்ய முடியுமானால் தனிச் சார்ஜர் தேவையில்லை. லே, மூணாறு போன்ற குளிரான இடங்களில் பேட்டரியின் திறன் குறையும். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

பெரிய மெமரி கார்டு ஒன்றை நம்புவதைவிட 64 ஜிபி கார்டுகள் இரண்டு வைத்திருப்பது பாதுகாப்பு. 24 மெகாபிக்சல் கேமராவின் அமுக்கப்பட்ட ராவ் கோப்பு ஒன்று ஏறக்குறைய 25 எம்பி. ஒரு கார்டில் 2,500 படங்கள் வரை அடங்கும். ஒவ்வொரு இரவும் படங்களைக் கைபேசியிலோ சிறிய எஸ்எஸ்டியிலோ பிரதி எடுங்கள். எஸ்எஸ்டியைக் கேமராப் பையில் வைக்காமல் துணிப்பையில் வையுங்கள். ஒரு பை தொலைந்தாலும் படங்கள் மிஞ்சும்.

டிரைபாட் வேண்டுமா? இரவுக் காட்சிகளும் நட்சத்திரங்களும் உங்கள் நோக்கம் என்றால் வேண்டும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி தேவை. முதுமலை போன்ற காட்டில் வண்டியில் உட்கார்ந்து எடுப்பவர்களுக்கு டிரைபாடைவிட, தானியம் நிரப்பிய சிறு மூட்டை (பீன் பேக்) உதவும். சிறிய துணிப்பையை வெறுமையாக எடுத்துப்போய், போன ஊரில் ஒரு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொண்டால் ஜன்னல் விளிம்பில் லென்ஸ் ஆடாமல் உட்காரும். திரும்பும்போது அரிசியை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

சுமக்கும் விதம்

கேமராவோடு வரும் வாரைக் கழுத்தில் தொங்கவிடுவதுதான் பலரின் பழக்கம். எடை முழுவதும் கழுத்தின் பின்புறத்தில் இறங்குவதால் அரை நாளில் வலிக்கும். வாரை நீளமாக்கி ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். கேமரா இடுப்பருகே கைக்கு எட்டும். குனிந்தாலும் முன்னால் வந்து மோதாது.

முதுகுப்பையில் இடுப்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதை இறுக்கினால் எடையின் பெரும்பகுதி தோளிலிருந்து இடுப்பெலும்புக்கு மாறிவிடும். கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கட்டும். லேசானவை வெளிப்பக்கம் போகட்டும். தனிக் கேமராப் பை வாங்காமல், மெத்தை வைத்த தடுப்புப் பெட்டி ஒன்றைச் சாதாரணப் பைக்குள் வைத்தும் பயன்படுத்தலாம். உள்ளே விலையுயர்ந்த பொருள் இருப்பது வெளியே தெரியாது என்பது கூடுதல் நன்மை. பேருந்தில் பை மடியில் இருக்கட்டும். இரவு ரயிலில் அதைத் தலைமாட்டில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். கேமரா, லென்ஸ் ஆகியவற்றின் வரிசை எண்களைக் குறித்து வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கவும் காப்பீடு கேட்கவும் அது வேண்டும்.

விமானத்தில்

கேமராவையும் லென்ஸையும் எப்போதும் கைப்பையில் கொண்டுபோங்கள். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை வரம்பு பெரும்பாலும் 7 கிலோ. எடையை முதலில் முடிவுசெய்ததன் பலன் இங்கேயும் தெரியும். மாற்று பேட்டரிகளையும் பவர் பேங்கையும் சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே அணைக்க முடியும், சரக்குப் பகுதியில் அது கடினம் என்பதுதான் காரணம். 100 வாட்-மணி வரையுள்ள பேட்டரிக்குத் தனி அனுமதி வேண்டாம். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 3.7ஐ 20ஆல் பெருக்க 74 வருகிறது, தாராளமாகக் கொண்டுபோகலாம். பெரும்பாலான கேமரா பேட்டரிகள் 20ஐக்கூட எட்டுவதில்லை. பேட்டரி முனைகளில் நாணயமோ சாவியோ படாதபடி உறையில் போடுங்கள்.

விலையுயர்ந்த கேமராவோடு வெளிநாடு போகிறவர்கள் கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் அதைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கேமரா வெளிநாட்டில் வாங்கியதல்ல என்பதற்கு அதுவே ஆதாரம்.

மணல், உப்பு, ஈரம்

நம் ஊர்களில் கேமராவைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றும்தான். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். தனுஷ்கோடியில் வண்டியை விட்டு இறங்கும் முன்பே தேவையான லென்ஸைப் பொருத்திவிடுங்கள். அறைக்கு வந்ததும் முதலில் ஊது பல்பால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணல் இருக்கும்போது துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். அதன்பின் லேசாக நனைத்த துணியால் கேமரா உடலில் படிந்த உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள்.

ஏசி அறையிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்ததும் லென்ஸில் ஆவி படியும். குளிர்ந்த கண்ணாடியில் காற்றின் ஈரம் ஒட்டுவதால் வருவது இது. கிளம்புவதற்கு அரை மணி முன்பே கேமராப் பையை, திறக்காமல், ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டால் கேமரா மெல்லச் சூடாகித் தயாராகும். அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சார்வரை போய்விடும்.

ஊர் திரும்பியபின் கேமராவை அந்தப் பையிலேயே விட்டு அலமாரியில் வைக்காதீர்கள். ஈரம் ஊறிய மெத்தையில்தான் லென்ஸ் பூஞ்சை வளர்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்; உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது.

கிளம்பும் முன் ஒரு ஒத்திகை

பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் பையை முழுதாகக் கட்டுங்கள். தண்ணீர் பாட்டிலையும் வைத்து, தோளில் மாட்டி, உங்கள் ஊர்ச் சந்தையிலோ கடற்கரையிலோ இரண்டு மணி நேரம் படம் எடுத்தபடி நடங்கள். எங்கே வார் அறுக்கிறது, எந்த ஜிப்பைத் திறக்கத் தாமதமாகிறது, எந்தப் பொருளைத் தொடவே இல்லை என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். வீடு திரும்பியதும் தொடாத பொருட்களை வெளியே எடுத்து வையுங்கள். மாற்று பேட்டரி, கார்டு, துடைக்கும் துணி ஆகியவை மட்டும் இதற்கு விதிவிலக்கு. மீதி இருப்பதுதான் உங்கள் பயணத்துக்கான கேமராப் பை.