நம் வீட்டுக் குப்பைக்கூடையும் அந்தப் பன்னிரண்டு கூடைகளும்



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆண்டவர் ஐயாயிரம் பேரின் பசியாற்றிய நிகழ்ச்சியைச் சிறுவயது முதல் கேட்டுவருகிறோம். அப்பம் பெருகியதைப் பற்றித்தான் நாங்களும் மறையுரையில் அதிகம் பேசுகிறோம். யோவான் நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் அதற்கு அடுத்து வருவதைச் சற்றுக் கவனியுங்கள். எல்லாரும் வயிறார உண்டபின், மிஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி சேர்த்துவைக்குமாறு அவர் சீடர்களிடம் சொல்கிறார். சேர்த்தபோது பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. வேண்டும்போதெல்லாம் அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவர், துணுக்குகளைப் பொறுக்கச் சொல்கிறார்!

நம் வீட்டிலும் ஒரு கூடை இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. பார்ப்பவர் வேறொருவர். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அம்மா ஒருவர் கையில் கட்டுப் போட்டிருந்தார். கேட்டேன். “சோத்துக்குள்ள உடைஞ்ச கண்ணாடி டம்ளர் கிடந்துச்சு சாமி” என்றார். பழைய சோறு, குழந்தையின் டயப்பர், பேட்டரி, உடைந்த கண்ணாடி எல்லாம் ஒரே பையில். அந்தப் பை யாருடைய வீட்டிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. நம்மில் ஒருவருடைய வீடாகத்தான் இருக்க வேண்டும். அன்று முதல் இந்தக் கூடையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலுள்ள ஆபத்தான கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. பிரிக்காவிட்டால் என்ன ஆகிறது? ஈரக் குப்பை பட்ட காகிதமும் பிளாஸ்டிக்கும் பழைய பேப்பர் கடைக்குக்கூட உதவாது. எல்லாம் கிடங்குக்குப் போகும். அங்கே மலைபோல் குவியும் குப்பையின் அடியில் காற்று புகாது. காற்றில்லாமல் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. அது பூமியைச் சூடாக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டியுள்ள பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீ பல நாள் புகைந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றிலும் குடியிருக்கும் மக்கள்.

ஆகவே முதலில் இரண்டு கூடை வையுங்கள். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே அடையாளம் தெரியும்படி தனியாகக் கையில் கொடுங்கள். பால் பாக்கெட்டின் மூலையை முழுவதும் வெட்டி எறியாதீர்கள். அந்தச் சின்னத் துண்டு யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போகும். ஒட்டியிருக்கும்படி வெட்டி, பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

சோற்றைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. நம் வீட்டில் தினமும் ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் அரிசி, சோறாகிக் குப்பைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 18 கிலோ. தண்ணீர்க் கணக்கில் 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய நான்கு லோடு! 2019-இல் சோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. குடம் வைத்துக் காத்திருந்த நாம், தட்டில் ஊற்றிக் கவிழ்த்த தண்ணீரை மட்டும் எண்ணிப்பார்த்ததில்லை. உலை வைக்குமுன் யார் யார் இரவு சாப்பிட வருவீர்கள் என்று கேட்பதும், மிஞ்சியதை நீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடுவதும் நம் பாட்டிமார் செய்ததுதான்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. இப்போது பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. அது ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்குள், பெரும்பாலும் அதைவிட அதிக நீரை ஒரு குழாய் வழியே சத்தமில்லாமல் வெளியே விட்டுவிடுகிறது. அந்தக் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்து, ஒருநாள் அளந்து பாருங்கள். அதில் உப்பு அதிகம், செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்ற வேண்டாம். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் தாராளமாகப் பயன்படும். செடிகளுக்கு அரிசி கழுவிய நீர் இருக்கிறது.

மின்சாரத்தை நீண்டு விளக்கத் தேவையில்லை. 60 வாட் குண்டு பல்பு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. ஏ.சி. உள்ளவர்கள் 24-இல் வைத்து மின்விசிறியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

“தொழிற்சாலைகள் விடும் புகைக்கு முன் என் வீட்டுக் கூடை எம்மாத்திரம், ஃபாதர்?” என்று அன்பியக் கூட்டத்தில் ஓர் இளைஞர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய கேட்டைப் பெரிய முடிவுகள்தான் தடுக்கும். அதற்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமை. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் அரசுகளையும் நிறுவனங்களையும் கடுமையாகவே கேள்வி கேட்கிறார். அதே மடலின் 211-ஆம் எண்ணில், குப்பை பிரிப்பது, உண்ணும் அளவுக்கு மட்டும் சமைப்பது, தேவையற்ற விளக்கை அணைப்பது ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அந்த அம்மாவின் கையைக் கிழித்தது தொழிற்சாலையிலிருந்து வந்த கண்ணாடி அன்று என்பதையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், “இனிமே நீ பிரிச்சு வை” என்று மனைவியிடம் சொல்வதற்காக நான் பேசவில்லை. காய்கறிக்குப் போகும்போது மஞ்சப்பையை மறக்காமல் எடுப்பது, கூடையைக் கழுவுவது, உரத்தொட்டியைக் கிளறுவது ஆகியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

பங்கு இல்லமும் ஒழுங்காக இருந்தது என்று சொல்லமாட்டேன். உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதன் பிறகும் நம் கூட்டங்களில் அதில்தான் தேநீர் கொடுத்தோம். இப்போது எவர்சில்வர் டம்ளர்கள் வாங்கியிருக்கிறோம். கழுவும் முறை அன்பியங்களுக்குள் சுற்றிவருகிறது.

உரத்தொட்டியிலும் முதல் முறை தோற்றோம். துளையிட்ட பழைய டிரம்மில் காய்கறித் தோலை மட்டும் கொட்டினோம். பத்தே நாளில் புழு, நாற்றம். சமையல் செய்யும் அம்மா அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டார். ஈரம் அதிகமாகிக் காற்று இல்லாமல் போனதே காரணம். இப்போது ஒரு பங்கு தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போட்டு, புளித்த மோர் சிறிது தெளித்து, வாரம் இருமுறை கிளறுகிறோம். மீன் முள்ளும் இறைச்சியும் போடுவதில்லை, எலி வரும். மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாக உதிரும் உரம் கிடைத்தது. அதே அம்மாதான் அதை அள்ளிக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுகிறார். கிளறும் கம்பை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்பது எனக்கு அவர் இட்ட கட்டளை.