பேரல் இல்லை, கேஸ் இல்லை... 300 அடி பாய்ந்த சிவகங்கை வளரி: டிசைன் ரகசியம் என்ன?

பெயின்ட்பால் மார்க்கர் வைத்திருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். பேரலை மாற்றுவார்கள், ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். குறி தப்பக்கூடாது, அவ்வளவுதான். இதே கவலை 18-ம் நூற்றாண்டில் காரைக்குடி பக்கத்து சிறுவயலிலும் இருந்தது. அங்கே சின்ன மருது கையில் இருந்தது வளரி.

பிறை மாதிரி வளைந்த எறி ஆயுதம் இது. மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள். ஒரு முனை கனம், மறுமுனை லேசு. சூட்சுமமே இங்கேதான். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் நாலு சுற்று சுழற்றி வீசினால் கனமான முனை இழுத்துக்கொண்டு போகும். சுழற்சி அதைத் தடுமாற விடாது. எடையைக் கூட்டினால் அடி பலமாக விழும், ஆனால் கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். வெளி விளிம்பைத் தீட்டினால் வெட்டும். மொட்டையாக விட்டால் அடித்துச் சாய்க்கும். ஆளுக்கும் தேவைக்கும் ஏற்ற மாடிஃபிகேஷன்!

ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷுக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். தேர்ந்த கையில் 100 கஜம், அதாவது 300 அடி வரை குறி தப்பாது என 1830-ல் வெளியான நினைவுக் குறிப்பில் வெல்ஷ் எழுதினார். கொடுமை என்னவென்றால், 1801-ல் மருது சகோதரர்களை எதிர்த்துப் போன கும்பினிப் படையில் அவரும் இருந்தார். தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடந்த தன் ஆசானைப் பார்த்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் தூக்கு. டிசம்பரில், பாளையங்களில் ஆயுதம் வைத்திருக்கவே தடை. செய்து பார்க்க, வீசிப் பார்க்க, திருத்திப் பார்க்க வழியில்லாமல் போனது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் எழுதும்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருந்தவை மூன்றே மூன்று: தஞ்சை ஆயுதசாலையின் தந்த வளரிகள் இரண்டு, மர வளரி ஒன்று.