திரையில் போட்ட விலைக்குப் பங்கை விற்றே ஆகணுமா? அமெரிக்காவின் ‘உறுதி விலை’ விதி சொல்வது என்ன?

ஒரு பங்கின் விலை 20.10 டாலர் என்று திரையில் ஓடுகிறது. அதைப் பார்த்து புரோக்கர் போன் போடுகிறார். “500 ஷேர் வேணும், 20.10-க்குக் கொடுங்க.” மறுமுனையில் பதில்: “அந்த விலை இப்போ இல்லீங்க, 20.30 ஆகும்.” அப்படியானால் திரையில் இருந்தது விலையா, வெறும் விளம்பரமா? அமெரிக்கப் பங்குச் சந்தையில் பல ஆண்டுகள் நடந்த சண்டைக்கு மையமே இந்தக் கேள்விதான்.

யார் இந்த மார்க்கெட் மேக்கர்?

விற்க ஒருவர் வரும்போது வாங்க ஆள் வேண்டும். வாங்க வரும்போது விற்க ஆள் வேண்டும். அந்த ஆளாகச் சொந்தப் பணத்தைப் போட்டு நிற்கும் நிறுவனமே மார்க்கெட் மேக்கர். வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் முன்கூட்டியே அறிவிப்பார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அவர்களின் முக்கிய வருமானம்.

விதி என்ன?

அறிவித்த விலையில், அறிவித்த எண்ணிக்கை வரை, ஆர்டரை ஏற்றே ஆக வேண்டும் என்ற விதியை 1978-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் (எஸ்.இ.சி.) கொண்டுவந்தது. 2005-ல் வந்த ‘ரெகுலேஷன் என்.எம்.எஸ்.’ தொகுப்பில் இது 602-ஆவது விதியாகத் தொடர்கிறது. ஆர்டர் வரும் முன்பே விலையை மாற்ற ஆரம்பித்திருந்தால் விலக்கு உண்டு. மற்றபடி பின்வாங்கினால் அது ‘பேக்கிங் அவே’ என்ற குற்றம்.

1987-ல் நடந்தது

1987 அக்டோபர் 19-ல் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6% சரிந்தது. நாஸ்டாக் சந்தையில் பெரும்பாலான வர்த்தகம் அப்போது போனில்தான். பல மார்க்கெட் மேக்கர்கள் போனையே எடுக்கவில்லை என்று புகார்கள் குவிந்தன. ஆர்டர் காதில் விழுந்தால்தானே விதி பொருந்தும்!

இதற்குத் தீர்வாக, சிறு முதலீட்டாளர்களின் ஆர்டரைக் கணினியே தானாக நிறைவேற்றும் ‘சோயஸ்’ முறையில் மார்க்கெட் மேக்கர்கள் பங்கேற்பது 1988-ல் கட்டாயமானது.

எதிர்த்தரப்பு சொல்வதென்ன?

அவர்கள் வாதத்திலும் நியாயம் உண்டு. ஒரு நிறுவனத்தைப் பற்றிக் கெட்ட செய்தி வருகிறது. விலையை மாற்றுவதற்குள், வேகமாக இயங்கும் வியாபாரிகள் பழைய விலையில் பங்கைத் தள்ளிவிடுகிறார்கள். நஷ்டம் முழுக்க விலை அறிவித்தவருக்கு. சோயஸ் மூலம் இப்படி லாபம் பார்த்தவர்களை மார்க்கெட் மேக்கர்கள் ‘சோயஸ் கொள்ளையர்கள்’ என்றே திட்டினார்கள். இப்படிக் கட்டாயப்படுத்தினால் விலை வித்தியாசத்தை அகலமாக்குவோம், கடைசியில் சிறு முதலீட்டாளர்தான் கூடுதலாகக் கொடுப்பார் என்பது அவர்களின் எச்சரிக்கை.

ஆனால், வித்தியாசம் ஏற்கெனவே செயற்கையாக அகலமாக வைக்கப்பட்டிருந்ததோ என்ற சந்தேகத்தை 1994-ல் கிறிஸ்டி, ஷுல்ட்ஸ் ஆகிய பொருளியலாளர்களின் ஆய்வு கிளப்பியது. 1996-ல் எஸ்.இ.சி. வெளியிட்ட விசாரணை அறிக்கை, பின்வாங்கும் மார்க்கெட் மேக்கர்களைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று நாஸ்டாக்கின் மேற்பார்வை அமைப்பையே கண்டித்தது.

உறுதி மட்டும் போதுமா?

போதாது என்று காட்டியது 2010 மே 6. திடீர் சரிவில் சுமார் 40 டாலர் மதிப்புள்ள அக்சென்ச்சர் பங்கு ஒரு சென்ட்டுக்குக் கைமாறியது. பெயருக்கு விலை போட வேண்டுமே என்று வைத்திருந்த அபத்த விலைகள் அவை. விதிப்படி அதையும் ‘மதித்தார்கள்’, அவ்வளவுதான். சந்தை நிலவரத்துக்குத் தொடர்பில்லாத இத்தகைய விலைகளுக்கு அந்த ஆண்டு டிசம்பரில் தடை வந்தது.

சாமானியருக்கு என்ன?

விலையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் மாற்றும்வரை சொன்ன சொல் சொன்னதுதான். அதுவும் அறிவித்த எண்ணிக்கைக்கு மட்டுமே. 500 பங்குக்குப் போட்ட விலையில் 5,000 பங்கு கேட்டால், மீதி 4,500-க்கு அதே விலை கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. திரையில் விலையைப் பார்ப்பவர்கள் பக்கத்திலுள்ள எண்ணிக்கையையும் பார்த்துவிடுவது நல்லது.